சில்லு நட்டுக்கு எந்தச் சொக்கற்?

கேள்வி: ஐயா, எனது ரொயோட்டா கொறோலா காருடன் வந்த சில்லுச் சாவி தொலைந்துவிட்டது. சென்ற மாதம் ஆனையிறவுக்கு அருகில் ரயர் காற்றுப் போனபோது, வழியில் நிறுத்தி உதவிய ஒருவரிடமிருந்த 22 மில்லிமீற்றர் சொக்கற்றால் (நட்டின் மேல் மாட்டித் திருப்பும் குழாய் வடிவக் கருவி) நட்டுகளைக் கழற்ற முயன்றோம். மூன்று கழன்றன, நான்காவதின் மூலைகள் உருண்டுவிட்டன. கடையில் கேட்டால் 19, 21 மில்லிமீற்றர், 13/16, 7/8 அங்குலம் என்று பலவற்றை எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், காரைநகர்.

பதில்: உங்கள் காரில் தொழிற்சாலை நட்டுகளே இருக்குமாயின் வேண்டியது 21 மில்லிமீற்றர் சொக்கற். ரொயோட்டா கார்களில் பெரும்பாலும் இந்த அளவே வரும். ஹொண்டா, சுசுகி கார்களில் பெரும்பாலும் 19. ஆனால் நம் ஊரில் ஓடும் வாகனங்களிற் பல, கைமாறி, றிம் மாற்றி, நட்டும் மாற்றப்பட்டவை. வெளியில் வாங்கிய அலோய் றிம்முக்கு 17 அல்லது 19 அளவு நட்டுப் போட்டிருக்கக்கூடும். எனவே வாகனத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்காமல், நட்டில் ஒட்டிய மண்ணையும் துருவையும் கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு, எதிரெதிரான இரண்டு தட்டையான பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை வேர்னியர் என்னும் நுண் அளவுகோலால் அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை அளந்தால் 21 நட்டு 24 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். அதைக் கொண்டு 24 வாங்கிவிடக் கூடாது.

அங்குல அளவுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 3/4 அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர், ஆகவே 19 நட்டில் அது ஏறக்குறையச் சரியாகவே உட்காரும். இதைக் கண்டவர்கள் மற்ற அளவுகளும் இப்படியே ஒத்துப்போகும் என எண்ணிவிடுகிறார்கள். 7/8 அங்குலம் 22.2 மில்லிமீற்றர். அதுவும், உங்களுக்குக் கிடைத்த 22 சொக்கற்றும் 21 நட்டில் தாராளமாக ஏறும். ஏறிய பிறகு நட்டின் பக்கங்களைப் பிடிக்காமல் மூலைகளை மட்டுமே தொடும். முழுப் பலத்தையும் ஆறு மெல்லிய விளிம்புகள் தாங்க வேண்டியிருப்பதால், கடற்காற்றில் துருப்பிடித்து இறுகிய நட்டு அசைவதற்கு முன்னரே அவை மழுங்கிவிடுகின்றன. உங்கள் நான்காவது நட்டுக்கு நேர்ந்தது இதுதான். சொக்கற்றை மாட்டி இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் அந்த அளவு வேண்டாம்.

13/16 அங்குலம் 20.6 மில்லிமீற்றர், நல்ல 21 நட்டில் அது ஏறாது. ஆனால் மூலை உருண்ட நட்டைக் கழற்ற அதுவே உதவும். பழைய 13/16 சொக்கற் ஒன்றை நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினால், மிஞ்சியுள்ள பக்கங்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். கழன்ற நட்டை மீண்டும் பூட்டாமல் புதியது வாங்கிப் போடுங்கள்.

ஸ்ரான்லி வீதி உதிரிப்பாகக் கடையிலோ வேறெங்கோ வாங்கும்போது, உட்புறம் பன்னிரண்டு மூலை உள்ளதை விடுத்து ஆறு மூலை உள்ளதையும், போல்ட்டின் முனை உள்ளே அடங்கும்படி நீண்ட வகையையும், 1/2 அங்குலச் சதுர முனையுள்ள பிடிக்குரியதையும் கேளுங்கள். நட்டுகளைக் காற்றழுத்தத்தால் தட்டிச் சுழற்றும் காற்றுத் துப்பாக்கியில் சொக்கற்றைப் பூட்டுவதானால் தடித்த கறுப்பு வகைதான் வேண்டும். பளபளக்கும் குரோம் சொக்கற் அது தரும் அடிகளைத் தாங்காமல் வெடித்துத் தெறிக்கலாம்.

இறுக்கும்போதும் கவனம் தேவை. கொறோலாவுக்குக் குறிக்கப்பட்ட இறுக்கம் 103 நியூற்றன் மீற்றர். அதாவது, அரை மீற்றர் நீளப் பிடியின் முனையில் ஏறத்தாழ 21 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். 70 கிலோ நிறையுள்ள ஒருவர் 35 சென்ரிமீற்றர் சாவியின் மேல் ஏறி நின்றால் அது 240ஐ எட்டிவிடும். பலர் இப்படி மிதித்தே இறுக்குகிறார்கள். போல்ட் இழுபட்டுப் பலவீனமாவதும், அடுத்த முறை நட்டுக் கழலாமல் அடம்பிடிப்பதும் இதனாலேயே. புரிக்கு எண்ணெயோ கிறீஸோ பூசுவதும் வேண்டாம், ஏனெனில் அதே பலத்துக்குப் போல்ட் மேலும் இழுபடும். காரைநகரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரண்டு தடவை போய்வந்தபின் நான்கு நட்டுகளையும் மீண்டும் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: எனது ஹொண்டா ஃபிற் காரில் ஒரு நட்டுத் தொலைந்ததால் ரொயோட்டா நட்டு ஒன்றைப் பூட்டினேன். நன்றாக ஏறியது. அப்படியே விடலாமா?
– வாசகி, நெல்லியடி.

பதில்: விடக் கூடாது. இரண்டுக்கும் புரி ஒன்றே: 12 மில்லிமீற்றர் தடிப்பு, புரிக்குப் புரி 1.5 மில்லிமீற்றர் இடைவெளி. எனவே கையாலேயே ஏறிவிடும். ஆனால் ஹொண்டாவின் தொழிற்சாலை றிம்மில் நட்டு உட்காரும் குழி உருண்டை வடிவானது. ரொயோட்டா இரும்பு றிம் நட்டின் அடியோ கூம்பு வடிவானது. இரண்டும் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடுவதால், இறுகியதுபோலத் தோன்றி ஓட்டத்தில் தளரும். சுசுகி காரில் இந்தத் தவறு எளிதில் நேராது. அதன் புரி இடைவெளி 1.25 ஆகையால் ரொயோட்டா நட்டு ஓரிரு சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். உங்கள் ஹொண்டாவுக்கோ அந்தத் தடை இல்லை. மிஞ்சியுள்ள நட்டுகளில் ஒன்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அடிப்பாகத்தை ஒப்பிட்டுப் பார்த்து, அதே வடிவான நட்டை இன்றே வாங்கிப் பூட்டுங்கள்.