நஞ்சு விழும்வரை குட்டியைப் பட்டினி போடலாமா?

கேள்வி: போன மார்கழியில் எங்கள் வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் ஊட்டணும் என்று பெரியவர்கள் சொன்னதால் இரவு முழுக்கக் காத்திருந்தோம். காலையில் சின்னக் குட்டி விறைத்துக் கிடந்தது. இப்போது இரண்டு ஆடுகள் நிறைசினை. குட்டி விழுந்ததும் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: காத்திருக்கவே கூடாது. நஞ்சு விழ 12 மணி நேரம்கூட ஆகலாம். ஈர உடம்போடு, வெறும் வயிற்றோடு 2 கிலோ குட்டி அதுவரை தாங்காது. நோயை எதிர்க்கும் சக்தி கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை குட்டியின் குடலில் மணிக்கு மணி குறைந்து, ஒரே நாளில் நின்றுபோகும். இன்னொன்று: குட்டி காம்பைச் சப்பச் சப்பத் தாயின் கருப்பை சுருங்கி, நஞ்சும் சீக்கிரம் விழும்.

குட்டி விழுந்ததும் மூக்கு, வாயில் உள்ள சளியைத் துணியால் வழித்தெடுங்கள். தாய் நக்கட்டும், மிச்ச ஈரத்தைக் காய்ந்த சாக்கால் அழுத்தித் தேய்த்துத் துடையுங்கள். குளிப்பாட்ட வேண்டாம். தொப்புள்கொடியை இரண்டு அங்குலம் விட்டு, கொதிநீரில் போட்டெடுத்த நூலால் கட்டி, அதற்குக் கீழே சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். சின்னக் கிண்ணத்தில் டிஞ்சர் அயோடின் ஊற்றி, கிண்ணத்தை வயிற்றோடு ஒட்டிப் பிடித்து, கொடி முழுக்க நனையச் செய்யுங்கள். சாணியோ சாம்பலோ வைத்தால் ரணஜன்னியும் மூட்டு வீக்கமும் வரும்.

அடுத்தது மடி. வெந்நீர்த் துணியால் துடைத்து, இரண்டு காம்பிலும் இரண்டு மூன்று பீச்சு பீச்சிப் பாருங்கள். நுனியில் மெழுகுபோல அடைப்பு இருக்கும். குட்டி ‘சப்புகிறதே’ என்று நாம் நிம்மதியாக இருப்போம். அதன் வாய்க்குள் ஒரு சொட்டும் போயிருக்காது. முதல் ஊட்டு ஒரு மணி நேரத்துக்குள் நடக்கட்டும். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ குட்டிக்கு 200 மில்லியாவது, நாலைந்து தடவையாகப் போக வேண்டும். இரட்டையில் பெரியது முந்திக்கொள்ளும். சின்னதைப் பிடித்து முதலில் ஊட்டுங்கள்.

துவண்டு கிடக்கும் குட்டியின் வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் பால் புகட்டாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாமல் பால் நுரையீரலுக்குப் போய்விடும். கழுத்துவரை வெதுவெதுப்பான நீரில் வைத்து, வாய் சூடானதும் நன்றாகத் துடைத்துவிட்டுப் பிறகு ஊட்டுங்கள்.

கேள்வி: பாதி தொங்கும் நஞ்சுக்கொடியை இழுத்து எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அறுந்தால் மிச்சம் உள்ளேயே அழுகும். கருப்பையே வெளியே வந்துவிடவும் கூடும். 12 மணி நேரம் தாண்டினால் கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962-க்குக் கூப்பிடுங்கள். விழுந்ததை நாய் தோண்டாதபடி ஆழமாகப் புதையுங்கள்.

கேள்வி: தாய் ஒரு குட்டியை மட்டும் முட்டித் தள்ளுகிறது.

பதில்: முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக, கல்போல இருந்தால் மடிநோய். வலியில்தான் உதைக்கிறது, மருத்துவரைக் கூப்பிடுங்கள். மடி நன்றாக இருந்தால் இரண்டு மூன்று நாள் தாயைப் பிடித்துக்கொண்டு ஊட்டிவிட்டாலே பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். தாயிடம் சீம்பாலே இல்லையென்றால் அன்றைக்கு ஈன்ற வேறு ஆட்டின் சீம்பாலோ பசுவின் சீம்பாலோ கொடுக்கலாம். வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்துச் சூடாக்குங்கள். அடுப்பில் வைத்தால் திரிந்துவிடும்.