ரோஸ் வலானும் அந்த ரயிலும்

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் பிடித்திருந்த பாரிஸில், ஓர் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ரோஸ் வலானைப் பற்றிய கல்லூரி மலர்க் கட்டுரையில் "ரோஸ் வலான் ஓவிய ரயிலைத் தனியாக நிறுத்தினார்" என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். அப்படியே எழுத வேண்டாம். 1944 ஆகஸ்டில், பாரிஸின் ஜூ த போம் அருங்காட்சியகத்திலிருந்து நாஜிகள் பறித்த ஓவியங்கள் 148 மரப்பெட்டிகளில் ரயிலேறி ஜெர்மனிக்குப் புறப்படவிருந்ததைத் தம் மேலதிகாரி ஜாக் ஜோஜாருக்குத் தெரிவித்தவர் அவர்; வண்டியைத் தாமதப்படுத்தியவர்கள் நாஜி எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த பிரெஞ்சு ரயில்வே ஊழியர்கள். பிறகு அதைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படைப்பிரிவின் அதிகாரி அலெக்ஸாண்டர் ரோசன்பெர்க், அந்த மரப்பெட்டிகளுக்குள் தம் தந்தையிடமிருந்து பறிக்கப்பட்ட ஓவியங்களையே கண்டார் என்பது கதையாசிரியருக்கும் எளிதில் தோன்றாத திருப்பம்.

என் கருத்தில், கட்டுரையின் கனம் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் இருக்க வேண்டும். 1932 முதல் ஜூ த போமில் சம்பளமின்றிப் பணியாற்றிய வலானுக்கு ஜெர்மன் மொழி புரியும் என்பதை நாஜி அதிகாரிகள் அறியாததால், அவர் முன்னிலையிலேயே தாராளமாகப் பேசினார்கள். அவரோ குப்பைக் கூடையில் கிடந்த கார்பன் தாள்களைக்கூட எடுத்துப் படித்து, எந்த ஓவியம் எவரிடமிருந்து பறிக்கப்பட்டு எங்கே அனுப்பப்பட்டது என்று இரகசியமாகக் குறித்து வைத்தார். போருக்குப் பின் பிரெஞ்சு இராணுவத்தில் கேப்டன் பதவியுடன் ஜெர்மனிக்குச் சென்று, அந்தக் குறிப்புகளைக் கொண்டே ஓவியங்களைத் தேடினார். அருங்காட்சியகக் 'காப்பாளர்' (curator) என்ற பதவி அவருக்கு 1952இல்தான் கிடைத்தது. போர்க்காலப் பத்தியில் அவரை அப்படிக் குறிப்பிட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.