மதுரை மாதிரி ஊருக்குள், மொட்டை மாடியிலிருந்து ஓரியன் நெபுலாவைப் படம் எடுக்க முடியுமா?

முடியும், ஒளிரும் வாயு மேகமான இந்த நெபுலாவுக்கு டெலஸ்கோப் கூட வேண்டாம். பழைய டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. லென்ஸ், ஆடாத முக்காலி போதும். ஜனவரி, பிப்ரவரியில் முன்னிரவிலேயே ஓரியன் நட்சத்திரக் கூட்டம் நன்றாக மேலே வந்துவிடும். மூன்று நட்சத்திரப் பட்டைக்குச் சற்றுத் தெற்கே தெரியும் மங்கலான திட்டுதான் நெபுலா; தூரம் ஏறக்குறைய 1,350 ஒளியாண்டு.

பூமி சுழல்வதால் நீண்ட எக்ஸ்போஷரில் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். 4 விநாடியைத் தாண்டாதீர்கள். லென்ஸ் திறப்பு எஃப்/2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600, கேமரா மெருகேற்றாத ரா ஃபைல். ஆட்டோஃபோகஸை நம்ப வேண்டாம். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) ஓரியனின் பிரகாசமான ரிகல் நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஒற்றைப் படம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதே மாதிரி 100 எடுத்து டீப்ஸ்கைஸ்டாக்கரிலோ சிரிலிலோ (இரண்டும் இலவச மென்பொருள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல், அதாவது படத்தின் பொடிப்பொடியான பிசிறு, பத்தில் ஒரு பங்காகும்; 100-இன் வர்க்கமூலம் 10 என்ற கணக்குதான். அப்புறம், லென்ஸை மூடி அதே செட்டிங்கில் இருபது ‘டார்க்’ படங்களும் எடுத்து வையுங்கள்; கேமராவே உண்டாக்கும் பிசிறை மென்பொருள் அவற்றை வைத்துக் கழிக்கும்.

தெருவிளக்குத் தொல்லைக்கு ஃபில்டர் உண்டு. இந்த நெபுலாவின் ஒளி பெரும்பாலும் சில அலைநீளங்களில்தான்: ஹைட்ரஜன் 656, ஆக்சிஜன் 501 நானோமீட்டர். அவற்றை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் ஊருக்குள் நன்றாக வேலை செய்யும். ஆண்ட்ரோமெடா போன்ற கேலக்ஸிக்கு அது வீண் செலவு. நட்சத்திர ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருக்கும்.

ஆனால் ஃபில்டர் போட்டால் 4 விநாடி பற்றாது, பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் வேண்டும். அதைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். மதுரையில் அது அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். வாங்குமுன், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வடக்கே மறைக்கிறதா என்று பாருங்கள்.