பெலிஹுல் ஓயா: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெலிஹுல் ஓயா ஆற்றைப் பற்றித் தாங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, சென்ற பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளுடன் அது பிறக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றோம். அந்த ஆற்றின் பேக்கர் நீர்வீழ்ச்சி வரை நடந்தும், வாகனத் தரிப்பிடத்தருகே நின்ற மரைகளையும் ஓடையில் இரண்டு ட்ரவுட் மீன்களையும் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. "உயிர்கள் நிறைந்த ஆறு" என்று தாங்கள் எழுதியது மிகையல்லவா? மகாவலியின் கிளையான இதனைத் தனி ஆறு போல எழுதியதும் ஏன் என்று விளங்கவில்லை.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. மகாவலிக்குப் போவது பெலிஹுல் ஓயா அன்று, ஆக்ரா ஓயா. இரண்டும் அதே சமவெளியில் பிறப்பதால் இந்த மயக்கம் பலருக்கும் வருகிறது. அங்கிருந்து பொகவந்தலாவைப் பக்கம் இறங்கும் நீர் களனியைச் சேர, பெலிஹுல் ஓயா தெற்கே சரிந்து, நொன்பரைல் தோட்டத்துத் தேயிலை மலைகளைக் கடந்து, இரத்தினபுரி - பதுளை வீதியைக் குறுக்கறுத்து, வளவை கங்கையுடன் கலக்கிறது. அவை கலக்குமிடத்திற்குச் சற்றுக் கீழேதான், 1992இல் கட்டி முடிக்கப்பட்ட சமனலவெவ அணை நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் பிறந்த ஆறு, சில மணி நேர நடைத் தொலைவுக்குள் ஆயிரத்துக்கும் அதிகமான மீற்றர் இறங்கிவிடுகிறது. மேலே உறைபனி பெய்யும் புல்வெளி, கீழே மக்கள் வெயிலுக்கு ஒதுங்கிக் குளிக்கும் பாறைமடு. இவற்றை ஒரே ஆறு என்று சொல்வதற்கே எனக்குச் சில வேளை தயக்கம் உண்டு.

முதல் கேள்வியில் பிழை என்னுடையது. "நிறைந்த" என்ற சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது. குளிர்ந்து விரைந்தோடும் மலையுச்சி நீரில் உயிரினங்களின் எண்ணிக்கை குறைவுதான். இருப்பவற்றுள் சில வேறெங்கும் இல்லை என்பதே அந்த ஓடையின் செல்வம். நீங்கள் கண்ட ட்ரவுட் அந்தச் செல்வத்தில் சேராது. தூண்டிலில் பொழுதுபோக்க விரும்பிய ஆங்கிலேயத் துரைமார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுவரெலியாப் பகுதிக்குக் கொண்டுவந்த மீன் இனம் அது.

அந்த ஓடைக்கே உரியது ஓர் இறால். கரிடினா சிங்களென்சிஸ் என்று அறிவியலார் பெயரிட்ட இந்தக் கூனி, உலகிலேயே ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடை நீரில் மட்டும் வாழ்கிறது. ஒரு விரற்கணு அளவுதான் இருக்கும். நீர் வேகம் குறைந்து தேங்கும் ஓரத்தில், கல்லின் நிழலை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், மயிர்க்கற்றை முளைத்த சிறு இடுக்கிகளால் பாசியைச் சுரண்டி மாறி மாறி வாயருகே கொண்டுபோவதைக் காணலாம். சிற்றுயிர்களைத் தின்று வாழும் ட்ரவுட்டுடன் அது ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது நல்லதன்று என்பதே என் எண்ணம்.

பிள்ளைகள் தலைப்பிரட்டைகளைத் தேடியிருந்தால் ஏமாந்திருப்பார்கள். அங்குள்ள புதர்த் தவளைகள் ஈர மண்ணில் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையே வெளிவருகிறது, ஓடையின் உதவி அதற்கு வேண்டியதில்லை. நீர்நாயும் பெரும்பாலும் கண்ணில் படாது. நீரோரப் பாறையின் மீது நண்டோட்டுத் துணுக்குகள் கலந்த எச்சம் கிடந்தால், இரவில் அது வந்துபோயிருக்கிறது என்று கொள்ளலாம்.

மழையற்ற மாசியிலும் ஆறு ஓடுவதற்குக் காரணம், பஞ்சு போல நீரை உறிஞ்சி வைத்திருந்து மெல்லக் கசியவிடும் கரிய மண்ணும், தவழும் முகிலிலிருந்து ஈரத்தை வடித்தெடுக்கும் பாசி படர்ந்த குட்டை மரங்களும்தான். தரிப்பிடத்து மரைகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: பயணிகள் எறியும் தீனிக்குப் பழகி, பொலித்தீனையும் சேர்த்து விழுங்குபவை அவை. காட்டுவிலங்கைக் கண்டதாக அதனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மறுமுறை போவதானால், நீர்வீழ்ச்சியடியில் கூட்டம் சேருமுன், விடிந்தும் விடியாத நேரத்திலேயே ஓடையோரத்தில் இருங்கள். இலங்கைச் சீகாரப் பூங்குருவி அந்த வேளையில்தான் குரல் கொடுக்கும். நீரின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வரும் கூர்மையான ஒற்றைச் சீழ்க்கை அது. ஒலி வந்த திசையில் ஈரப் பாறையை உற்று நோக்கினால் முதலில் கரும்பழுப்பாக ஏதோ தெரியும். வெளிச்சம் சற்று ஏறியதும், அது ஆண் பறவையானால், தோளில் ஒரு நீலத் திட்டு மினுங்கும்.