ஃபிட்ஸ் வந்தவருக்குத் தோள் வலியா? பின்பக்க விலகலை மறக்காதீர்கள்: கேள்வி பதில்

கேள்வி (பயிற்சி மருத்துவர்): சார், வலிப்பு வந்தவருக்குத் தோள் வலி. முன்பக்க எக்ஸ்ரே நார்மலாகத்தான் தெரிகிறது. சுளுக்கு என்று அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் தம்பி. தோள் மூட்டு பின்பக்கம் விலகியிருக்கலாம். நூறு தோள் விலகலில் 95-க்கு மேல் முன்பக்கம்தான். பின்பக்கம் போவது 2 முதல் 4 வரைதான் இருக்கும். அதனால்தான் கண்ணுக்குத் தப்புகிறது. வலிப்பிலும் கரண்ட் ஷாக்கிலும் எல்லாத் தசையும் ஒன்றாக இறுகும். கையை உள்பக்கம் திருப்பும் தசைகளுக்கு வலு அதிகம். அவை மூட்டுப் பந்தைப் பின்னால் தள்ளிவிடும். கீழே விழுந்திருக்கவே வேண்டாம்.

கையை முன்னால் நீட்டி, திருநீறு வாங்குவது போல உள்ளங்கையை மேலே காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் விலகியிருந்தால் முடியாது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள், பூட்டிய கதவு மாதிரி நிற்கும். நான் பயிற்சியில் இருந்தபோது இப்படி ஒருவரை வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, தலை சீவ முடியவில்லை என்று திரும்பி வந்தார். அன்றிலிருந்து இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரையும் அனுப்புவதில்லை.

அதே எக்ஸ்ரேயை மறுபடி பாருங்கள். பந்து பல்பு போல உருண்டையாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆக்சிலரி வியூ, அதாவது அக்குள் வழியாக எடுக்கும் எக்ஸ்ரே, கட்டாயம் வேண்டும்.

கேள்வி (எக்ஸ்ரே டெக்னீஷியன்): வலியில் கையை அசைக்கவே விடமாட்டேன் என்கிறாரே, டாக்டர்?

பதில்: கையைத் தாங்கக் கட்டிய தூளியைக் கழற்றாமலேயே பின்னால் சாய வைத்து மேலிருந்து எடுக்கும் வெல்போ வியூ போதும். அதுவும் முடியாவிட்டால் சி.டி.

கேள்வி (அவசரப் பிரிவு மருத்துவர்): விலகிய பந்தை உள்ளே தள்ளுவது எப்படி?

பதில்: முதலில் நல்ல மயக்கம். கையை உடலோடு சேர்த்து மெதுவாக இழுத்தபடி உள்பக்கம் திருப்புங்கள். மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் மாட்டிய பந்து அப்போதுதான் விடுபடும். உதவியாளர் பின்னாலிருந்து பந்தை முன்னே தள்ளட்டும். விடுபடும் முன்பே வெளிப்பக்கம் முறுக்கினால் மேற்கை எலும்பு உடையக்கூடும். பந்துக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதியைச் சொல்கிறேன். அங்கே ஏற்கெனவே முறிவு இருந்தாலோ, விலகி மூன்று வாரம் ஆகியிருந்தாலோ வார்டில் தொடாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் விடுங்கள். சரியான பிறகு வயிற்றோடு சேர்த்துத் தூளி கட்டக் கூடாது. கை நேராகவோ சற்று வெளிப்பக்கம் திரும்பியோ இருக்க வேண்டும்.

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ்): ஒருவர் கையைத் தலைக்கு மேலே தூக்கியபடியே வந்தார். இறக்க வரவில்லை. நடிக்கிறாரோ என்று சிலர் பேசிக்கொண்டார்கள்.

பதில்: நடிப்பில்லை சிஸ்டர். கீழ்ப்பக்க விலகல் அப்படித்தான் வரும், இருநூறில் ஒன்று. பந்து அக்குளில் இறங்கி நரம்பையும் ரத்தக் குழாயையும் அழுத்தும். முதலில் மணிக்கட்டு நாடி, தோளின் வெளிப்புறத்தில் தொடு உணர்வு, விரல் அசைவு மூன்றையும் பார்த்து எழுதிவையுங்கள். கை இருக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். தோளுக்கு மேல் போட்ட துணியை ஒருவர் எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டும். சரியானதும் அந்த மூன்றையும் மறுபடி பாருங்கள். கை சில்லிட்டிருந்தால் ரத்தக்குழாய் அறுவை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): மகனுக்கு வலிப்பு. இரண்டு தோளும் வலிக்கிறது என்கிறான். சுளுக்கு எடுப்பவரிடம் போகலாமா?

பதில்: வேண்டாம்மா. வலிப்பில் இரண்டு தோளும் சேர்ந்தே விலகலாம். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் வித்தியாசம் தெரியாது. உள்ளே முறிவு இருந்தால் இழுப்பது ஆபத்து. இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போய், "பக்கவாட்டு எக்ஸ்ரேயும் எடுங்கள்" என்று கேளுங்கள். வலிப்பு மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.