தங்க நிறப் பிடியில் கறள்

வணக்கம் ஐயா,
வெள்ளவத்தையில் கடல் பக்கப் பல்கனிக் கதவுக்குத் தங்க நிறப் பிடி வாங்கிப் போட்டேன். "இரும்பில் ஸ்பட்டரிங் முறையில டைட்டேனியம் நைட்ரைட் ஏத்தினது, கத்தியாலயும் கீறேலாது" என்றார் கடைக்காரர். கீறிப் பார்த்தேன், உண்மைதான். ஆனால் ஒரு வருடத்துக்குள் ஊசிமுனை அளவில் கறள் புள்ளிகள். ஏமாந்துவிட்டேனா? குரோம் முலாம் போட்டதை வாங்கியிருக்கலாமா?

அன்புள்ள தம்பி,
கத்தியால் கீறிப் பார்த்தேன் என்ற வரியில் கோபம் வந்துவிட்டது. உப்புக்காற்றைத் தாங்குமா என்று கத்தி சொல்லாது. டைட்டேனியம் நைட்ரைட்டின் கடினம் விக்கர்ஸ் அளவில் 2000 வரும், சாதாரண இரும்பு 150 சொச்சம்தான். தேய்மானத்துக்கு அது அருமையான பூச்சு. கறள் என்று வந்தால் பார்க்க வேண்டியது பூச்சில் உள்ள ஓட்டைகளை.

ஸ்பட்டரிங் என்பது இதுதான்: வெற்றிடக் கலத்துக்குள் ஆர்கன் வாயுவின் மின்னேறிய அணுக்கள் மோதி டைட்டேனியத் தகட்டிலிருந்து அணுக்களைத் தெறிக்க வைக்கும். அவை நைதரசனோடு சேர்ந்து பொருளின் மேல் தூண் தூணாகப் படிந்து வளரும். மொத்தத் தடிப்பே சில மைக்ரோமீற்றர். ஒரு தூசி கிடந்தால் அதன் மறைவில் பூச்சு விழாது. அந்த இடுக்கால் உப்புநீர் இறங்கும். நைட்ரைட் மின்சாரத்தைக் கடத்தும், தான் கரையாது. அதனால் பற்றரியில் போல, பிடி முழுவதும் கரையாத முனையாகிவிட (கதோட்டு), ஓட்டைக்கு அடியில் தெரிகிற துளி இரும்பு மட்டும் கரையும் முனையாகிறது (அனோட்டு). அரிப்பெல்லாம் அங்கேயே குவிந்து குழி விழும். நாகம் (சிங்க்) பூசிய இரும்புத் தகட்டில் இது நேர்மாறு, நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

கொட்டாஞ்சேனையில் என் பெரியப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். இதே பூச்சுப் போட்ட தங்க நிற ட்ரில் பிட்டுகளை வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியில் சுற்றித்தான் வைப்பார். "பூச்சு இருக்குத்தானே, எண்ணெய் ஏன்?" என்று கேட்டேன். ஜன்னலோரம் மறந்து விட்ட ஒன்றை எடுத்து, பூதக்கண்ணாடியோடு கையில் தந்தார். வெட்டும் விளிம்பு புத்தம் புதிதாக இருந்தது. முறுக்குப் பள்ளத்தில் மட்டும் தங்க நிறத்தைத் துளைத்துக்கொண்டு பழுப்புப் பொட்டுகள். "வெட்டுறதுக்குப் பூசினது, நனையிறதுக்கில்லை" என்றார்.

ஏமாந்தேனா என்பதை விடுங்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் அடியில் இரும்பு என்று தெரிந்தும் வாங்கியிருக்கிறீர்கள். அக்கறையாகச் செய்பவர்கள் முதலில் நிக்கலும் குரோமும் முலாமிட்டு, அதன் மேல்தான் இந்த நிறத்தை ஏற்றுவார்கள். வெறும் குரோமிலும் நுண்ணிய வெடிப்புகள் உண்டு, அதற்கும் அடியில் நல்ல நிக்கல் வேண்டும்.

புள்ளிகளை இரும்புப் பஞ்சால் தேய்த்துவிடாதீர்கள். கழற்றிவிட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிடி கேட்டு வாங்குங்கள். அதில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு மொலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். அதையும் கிழமைக்கொரு தரம் நல்ல தண்ணீரால் துடையுங்கள், தம்பி.