வீட்டு ஷெட்டில் கேட், கிரில் வேலைக்குப் பிளாஸ்மா கட்டர் வாங்கலாமா? கிரைண்டரே போதாதா?

இப்படிக் கேட்டவர் வெட்டுவது பெரும்பாலும் 6 மி.மீ. வரை எம்.எஸ். (சாதாரண இரும்பு) பிளேட், எப்போதாவது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட். வீட்டில் சிங்கிள் பேஸ் லைன், ஒரு சின்னக் கம்ப்ரசர் இருக்கிறதாம். 40 ஆம்பியர் மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்.

வாங்கலாம். ஆனால் கையில் இருக்கும் பணம் மொத்தத்தையும் மெஷினில் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்மாவில் வெட்டுவது காற்றுதான். காற்றுக்குச் செலவு செய்யாதவர் வாங்கிய மெஷின்தான் பல பட்டறைகளில் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது.

கேஸ் கட்டிங்கில் சூடான இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிகிறது, அந்த எரிதல்தான் வெட்டு. எஸ்.எஸ்., அலுமினியம் இரண்டும் மேலே ஒரு ஆக்ஸைடு தோலைப் போர்த்திக்கொண்டு எரிய மறுப்பதால் அங்கே கேஸ் செல்லாது. பிளாஸ்மாவில் இந்தச் சிக்கல் இல்லை. கையில் பிடிக்கும் டார்ச்சுக்குள் இருக்கும் எலக்ட்ரோடுக்கும் உங்கள் பிளேட்டுக்கும் நடுவே ஆர்க், அதாவது மின்பொறி, விடாமல் ஓடுகிறது. அதைச் சுற்றிச் சுழன்று வரும் காற்று, டார்ச்சின் முனையான நாசிலின் ஊசித் துவாரத்தில் நெருக்கப்பட்டுப் பல்லாயிரம் டிகிரிக்குச் சூடாகி, உருகிய உலோகத்தை அடியில் ஊதித் தள்ளுகிறது. மின்சாரம் கடத்தும் எந்த உலோகமும் வெட்டுப்படும்.

இப்போது காற்று. 40 ஆம்பியர் மெஷினுக்கு நிமிடத்துக்கு 4 முதல் 6 கன அடி காற்று, சுமார் 70 பிஎஸ்ஐ அழுத்தத்தில், வெட்டும் நேரம் முழுக்க இடைவிடாமல் வேண்டும். கம்ப்ரசரின் பெயர்த் தகட்டில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது பிஸ்டன் உள்ளே இழுக்கும் காற்றின் கணக்கு. உண்மையில் வெளியே வருவது ஏறக்குறைய அதில் மூன்றில் இரண்டு பங்கு. பெயின்ட் அடிக்க வாங்கிய 1 எச்.பி. கம்ப்ரசர் ஓர் அடி வெட்டுவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அழுத்தம் இறங்கினால் ஆர்க் சிதறும், நாசில் கருகும். 3 எச்.பி. இருந்தால் நிம்மதி. 2 எச்.பி. என்றால் டேங்காவது பெரிதாக இருக்கட்டும்.

அடுத்த எதிரி ஈரம். நான் இருப்பது கடலோரம். ஐப்பசி, கார்த்திகையில் கம்ப்ரசர் டேங்கின் அடியில் தண்ணீரை வெளியேற்ற இருக்கும் டிரெயின் காக்கைத் திறந்தால் துருக் கலந்த தண்ணீர் பீச்சி அடிக்கும். அதில் ஒரு பகுதி ஹோஸ் வழியாக டார்ச்சுக்கும் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரோடு செம்பால் ஆனது. அதன் நுனி நடுவே கடுகளவில் ஹாஃப்னியம் என்ற உலோகப் பொட்டு ஒன்று பதித்திருப்பார்கள். ஆர்க் பிறப்பது அங்கேதான். நல்ல காற்றில் அந்தப் பொட்டு மெதுவாக, சீராகக் குழிந்துகொண்டே போகும். ஈரக் காற்றில் சீக்கிரமே பள்ளமாகி, சுற்றியுள்ள செம்பும் கறுத்துப் பொரிந்துவிடும். குழி ஒன்றரை மி.மீ. ஆழம் தொட்டதும் மாற்றிவிடுங்கள், அதற்கு மேல் ஓட்டினால் நாசிலையும் சேர்த்துக் கெடுக்கும். நாசில் துவாரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்குப் போனால் வெட்டு சாயும். அப்போது கையைக் குறை சொல்ல வேண்டாம், நாசிலை மாற்றுங்கள்.

எனவே மெஷினோடு வரும் பிளாஸ்டிக் ஃபில்டரை மட்டும் நம்ப வேண்டாம். கம்ப்ரசரிலிருந்து சில மீட்டர் உலோகக் குழாய் ஓட்டி, காற்று அதில் ஆறிய பிறகு வாட்டர் செப்பரேட்டர், கடைசியாக ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டிரையர் என்று வையுங்கள். சூடான காற்றில் செப்பரேட்டர் வைத்துப் பயனில்லை. ஆறினால்தான் நீர் பிரியும்.

கரன்ட்டுக்கு வருவோம். 40 ஆம்பியர் என்பது டார்ச்சில். சிங்கிள் பேஸ் லைனிலிருந்து அது 20 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும், கம்ப்ரசர் தனி. 16 ஆம்பியர் பவர் பிளக்கில் செருகி ஓட்டுகிற வேலை வேண்டாம். தனி 32 ஆம்பியர் எம்சிபி, 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயர், ஒழுங்கான எர்த். வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று ஈ.பி. அட்டையைப் பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்று போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெட்டலாம் என்று பொருள், அதுவும் பொதுவாக 40 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. சித்திரை மாதத்துத் தகர ஷெட்டில் அதையும் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பைலட் ஆர்க், அதாவது பிளேட்டைத் தொடாமலே டார்ச்சுக்குள் முதலில் பற்றும் சின்ன ஆர்க், உள்ள டார்ச்சா என்று கேளுங்கள். இல்லாத மலிவு மெஷின், பெயின்ட் அடித்த பழைய கேட்டிலும் துருப்பிடித்த பிளேட்டிலும் பற்றுவதற்கே அடம்பிடிக்கும். நம் வேலையில் பாதி பழைய இரும்பு.

கைப்பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும். பொறி எங்கே போகிறது என்பதை மட்டும் பாருங்கள். பிளேட்டுக்கு அடியில், நீங்கள் நகரும் திசைக்குப் பின்பக்கமாக 15, 20 டிகிரி சாய்ந்து விழுந்தால் வேகம் சரி. பொறி மேலே எகிறினால் அவசரப்படுகிறீர்கள், இன்னும் துளைக்கவில்லை. நேராகக் கீழே கொட்டி, அடியில் ஸ்லாக் (உருகி உறைந்த கழிவு) தடித்து உருண்டு தொங்கினால் ரொம்ப மெதுவாகப் போகிறீர்கள். பிளேட்டின் நடுவில் துளைபோட வேண்டுமானால் டார்ச்சைச் சாய்த்து ஆரம்பித்து, பொறி மறுபக்கம் வந்ததும் நிமிர்த்துங்கள். நேராக வைத்து ஆரம்பித்தால் உருகிய இரும்பு நாசிலுக்கே திரும்பி வரும்.

பலர் சொல்லித் தராத ஒன்று: காற்று சுழன்று வருவதால் வெட்டின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. பெரும்பாலான டார்ச்சுகளில் போகும் திசைக்கு வலப்பக்கம் நேராகவும் இடப்பக்கம் சற்றுச் சரிவாகவும் வரும். வட்டத் தட்டு வேண்டுமென்றால் கடிகாரச் சுற்றில் வெட்டுங்கள், ஓட்டை வேண்டுமென்றால் எதிர்ச்சுற்றில். கழிவு போகும் பக்கத்துக்குச் சரிவு போய்விடும்.

வெட்டிய விளிம்பை அப்படியே வெல்டிங் வைக்காதீர்கள். காற்றில் இருக்கும் நைட்ரஜன் விளிம்பில் ஏறியிருக்கும், வெல்டில் பொத்தல் விழும். கிரைண்டரால் லேசாக ஓர் ஓட்டு ஓட்டினால் போதும். ஆக, கிரைண்டர் எப்படியும் கையில் இருக்கத்தான் வேண்டும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வெட்டினால் எழும் வெள்ளைப் புகை துத்தநாகப் புகை. மூச்சில் போனால் இரவு குளிர்காய்ச்சல் போல நடுங்கவைக்கும். எஸ்.எஸ். புகையில் இருக்கும் குரோமியம் அதைவிடப் பொல்லாதது. கதவைத் திறந்து, ஃபேனை வெளிப்பக்கம் ஊதவிட்டு, சரியான மாஸ்க்கோடு வெட்டுங்கள். 40 ஆம்பியருக்கு 5 அல்லது 6 ஷேட் (இருட்டின் அளவு) வெல்டிங் கண்ணாடி போதும், வெயில் கண்ணாடி ஆகாது. எண்ணெய், பெட்ரோல், தின்னர் இருந்த டிரம்மை, எத்தனை முறை கழுவியிருந்தாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் வெட்டாதீர்கள். நாசில் மாற்றும்போது மெஷின் சுவிட்ச் ஆஃப். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கலாம்.

உங்கள் வேலை முழுக்க ஸ்கொயர் டியூப்பும் ஆங்கிளும்தான் என்றால் இது எதுவும் வேண்டாம். கட் ஆஃப் மெஷின் நேராகவும் மலிவாகவும் அறுத்துத் தரும். ஒரே டிசைன் ஐம்பது பீஸ் என்றால் லேசர் கட்டிங் கடையில் கொடுத்து வாங்குவதே லாபம். பேஸ் பிளேட், பிராக்கெட், வளைவு டிசைன், எஸ்.எஸ். ஷீட் என்று வாரம் சில முறையாவது வந்தால் முதலில் கம்ப்ரசர் கடைக்குப் போங்கள். மெஷினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.